தேதி பார்த்து வரும் கால் வலி

வலது புட்டத்தின் நடுவில், கட்டைவிரலை வைத்துக் காட்டிவிடலாம் என்கிற அளவுக்கு ஓர் இடம். அங்கேதான் ஆரம்பிக்கும். தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலைத் தாண்டியதும் வெளிப்பக்கம் திரும்பி, கணுக்கால் வரை ஒரே கோடாகப் போகும். சில மாதங்களில் பாதத்தின் மேல்புறம் மரத்தும் போகும்.

கால் கடுப்பு எனக்குப் புதிது இல்லை. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரங்களில் காலையில் நின்றால் இரவு ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். அந்தக் கடுப்பு இரண்டு காலிலும் வரும், கெண்டைக்காலோடு நிற்கும், வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்தால் இறங்கிவிடும். இந்த வலியோ படுத்தால்தான் கூடும். போர்வை பட்டாலே எரியும். தூக்கத்தில் புரண்டு படுத்தால் கரண்ட் அடித்தமாதிரி சுண்டி எழுப்பிவிடும்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "நின்னு நின்னு வேலை பாக்குற பிள்ளை, கால் வலிக்காம என்ன செய்யும்" என்று அம்மா. "வாயு பிடிப்புத்தான், உருளைக்கிழங்கை நிறுத்து" என்று அத்தை. எலும்பு டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இப்படிக் கோடு போட்டு இறங்கும் வலிக்கு, அதாவது சயாட்டிகாவுக்கு, பெரும்பாலும் காரணம் முதுகெலும்புதான். ஆனால் லேசான டிஸ்க் பிதுக்கம், எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் தெரியும். இருபது வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. படத்தில் ஏதோ ஒன்று தென்பட்டுவிட்டது என்பதற்காக, வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவாகிவிடாது. பெல்ட் போட்டேன், மாத்திரை சாப்பிட்டேன், பிசியோதெரபிக்குப் போனேன்.

விஷயம் திரும்பியது அந்த பிசியோதெரபி அறையில். அங்கிருந்த பெண் என் காலை மடக்கி நீட்டிக்கொண்டே கேட்டார்: "அக்கா, இது மாசம் பூரா இருக்கா, இல்ல தேதி பாத்து வருதா?"

எங்கள் வீட்டு அடுப்படியில் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். அதில் அத்தை பால் கணக்கு எழுதுவார். அன்றிலிருந்து அதே கட்டங்களில் நானும் எழுத ஆரம்பித்தேன். மாதவிடாய் வந்து தூரமான நாளுக்கு வட்டம். கால் வலித்த நாளுக்கு 'கா', பக்கத்தில் பத்துக்கு எத்தனை என்று வலியின் அளவு. மரத்துப்போன நாளுக்கு 'ம'. மாத்திரை போட்டால் ஒரு புள்ளி. சில மாதத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எல்லாத் தாளிலும் வட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே 'கா' தொடங்கியிருந்தது. வட்டம் முடிந்த பிறகும் சில நாள் ஓடியது. நடுவில் ஒன்றிரண்டு வாரம் காலியாகக் கிடந்தது. கடையில் கூட்டம் அதிகமான வாரத்துக்கும் 'கா'வுக்கும் சம்பந்தமே இல்லை.

தூர நாட்களில் வயிற்று வலி எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உண்டு. கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள், பிறகு குழந்தை பெற்றால் சரியாகும் என்றார்கள். மகள் வயிற்றில் இருந்தபோதும், அவள் பால் குடித்தவரையும் உண்மையாகவே வலி இல்லை. அந்தக் காலம் முழுக்க எனக்கு மாதவிடாயே வரவில்லை, வலியும் வரவில்லை, அவ்வளவுதான். பால் மறந்து சுழற்சி திரும்பியதும் வயிற்றோடு காலையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

காலண்டர் தாள்களை எடுத்துக்கொண்டு பெண்கள் மருத்துவரிடம் போனேன். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே சினைப்பையிலோ குடலின் மேலோ இடுப்புக்கூட்டின் சுவரிலோ வளர்வதுதான் இந்த நோய். மாதாமாதம் ஹார்மோனுக்கு ஏற்ப அதுவும் வீங்கும், கசியும், சுற்றிலும் புண்ணாகித் தழும்பு கட்டும். சினைப்பையில் பழைய ரத்தம் சேர்ந்து நிற்பதைத்தான் சாக்லேட் சிஸ்ட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது. அத்தனை பேருக்கும் கால் வலிப்பதில்லை. ஆனால் வலிப்பவர்கள் பலர் இதை வைத்தியரிடம் சொல்வதே இல்லை. கால் வலியை எதற்குப் பெண்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும்.

"காலுக்குப் போற நரம்பு முதுகுல இருந்து நேராக் காலுக்குப் போகலம்மா. இடுப்புக்கூட்டுக்குள்ள வந்துட்டுத்தான் போகுது" என்று அந்த மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். கீழ் முதுகிலிருந்தும் அதற்குக் கீழே உள்ள திரிகம் என்ற முக்கோண எலும்பிலிருந்தும் வரும் நரம்பு வேர்கள் இடுப்புக்கூட்டின் பின்சுவரில், கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் பின்னால் ஒன்றாகச் சேர்கின்றன. அப்படிச் சேர்ந்து உண்டாகும் தடித்த சயாட்டிக் நரம்புதான் எலும்பில் உள்ள ஓர் இடைவெளி வழியாகப் புட்டத்துக்கு வெளியேறி, தொடையின் பின்பக்கமாகப் பாதம் வரை போகிறது. எண்டோமெட்ரியோசிஸ் இந்தப் பாதையை ஒட்டி எங்கே உட்கார்ந்தாலும் காலில் தெரியலாம். உள்தொடைக்குப் போகும் ஆப்டுரேட்டர் நரம்பும் இதே கூட்டின் பக்கச் சுவரை ஒட்டித்தான் போகிறது. அது எரிச்சல்பட்டால் வலி உள்தொடையில் வரும்.

நரம்பின் மேலேயே நோய் படர்வது அரிது. அரிது என்றாலும் மருத்துவ உலகுக்குப் புதிது அல்ல. சயாட்டிக் நரம்பில் எண்டோமெட்ரியோசிஸ் இருந்ததால் வந்த கால் வலியைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1955லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளிவந்த தகவல்களில் வலது பக்கம்தான் அதிகம். இடது பக்கத்தைப் பெருங்குடலின் கடைசி வளைவு ஓரளவு மூடியிருப்பதால் இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நரம்பைத் தொடாமலே கால் வலிப்பதுதான் அதிகம் பேருக்கு. பக்கத்தில் உள்ள அழற்சி நரம்பைச் சீண்டும். மாதாமாதம் வலிக்குப் பயந்து இடுப்புத் தளத் தசைகளும் புட்டத்தின் உள்தசைகளும் இறுகியே கிடந்து நரம்பை அழுத்தும். கர்ப்பப்பை வலியே தொடைக்குப் பரவித் தெரிவதும் உண்டு. பல வருடம் வலியை வாங்கிய நரம்பு மண்டலம் சின்னத் தொடுதலையும் வலியாகப் படிக்கப் பழகிவிடுவதும் உண்டு. என் விஷயத்தில் இதில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு தூர நாட்களில் தொடை வலிப்பவர்கள் எல்லாரும் கலங்க வேண்டாம். முதல் இரண்டு நாள் இரண்டு தொடையிலும் மந்தமாகக் கடுத்து, சாதாரண வலி மாத்திரைக்கு அடங்கினால் அது நிறையப் பேருக்கு வருவது. ஒரே காலில் வருவது, முழங்காலுக்குக் கீழே இறங்குவது, சுண்டுவது, மரத்துப்போவது, ரத்தப்போக்குக்கு முன்பே தொடங்கி அது நின்ற பிறகும் தொடர்வது, வலியில்லாத நாட்கள் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவது ஆகியவைதான் கேட்டுத் தீர்க்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னதை மறக்க வேண்டாம். நாள்பட்டால் வலி மாதம் முழுக்க இருக்க ஆரம்பித்துவிடும். அப்போது காலண்டரைப் பார்த்தாலும் தேதிக்கணக்கு தெரியாது, "ஆரம்பத்தில் எப்படி இருந்தது" என்று நாம்தான் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கும் ஸ்கேன் எனக்கு எப்போதுமே 'நார்மல்'தான். சாக்லேட் சிஸ்ட் பெரிதாக இருந்தால் அதில் தெரியலாம். ஆழத்தில் இருக்கும் நோய் பெரும்பாலும் தெரியாது. பிறப்புறுப்பு வழியாக, இந்த நோயைப் பார்த்துப் பழகியவர் எடுக்கும் ஸ்கேன் நிறையக் காட்டும். கல்யாணமாகாத பெண்களுக்கு நம் ஊரில் அதைச் செய்யத் தயங்குவார்கள், நாமும் தயங்குவோம். அவர்களுக்கு எம்.ஆர்.ஐ. நல்ல வழி. ஆனால் முதுகு எம்.ஆர்.ஐ. வேறு, இடுப்புக்கூட்டு எம்.ஆர்.ஐ. வேறு. முதுகுக்கு எடுத்த படத்தில் நரம்பு கூட்டுக்குள் போகும் பாதை சரியாக விழாது. என் முதல் படத்தில் டிஸ்க்கைத் தவிர வேறொன்றும் தெரியாததற்கு அதுதான் காரணம். இரண்டாவது முறை என் மருத்துவர் சீட்டில் 'எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், மாதவிடாயோடு வரும் வலது கால் வலி, திரிக நரம்பு வேர்களையும் சயாட்டிக் நரம்பையும் பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் கர்ப்பப்பைக்குப் பின்னால் வலது பக்கச் சுவரில் ஒரு தடிப்பும், நரம்பு வேர்களின் பக்கம் அது நீள்வதும் தெரிந்தது. ஸ்கேன் பார்ப்பவருக்கு நம் காலைத் தெரியாது. சீட்டில் 'அடிவயிற்று வலி' என்று மட்டும் இருந்தால் அடிவயிற்றைத்தான் பார்ப்பார். உள்ளே போகுமுன் சீட்டை வாங்கிப் படித்து, கால் பற்றி ஒரு வரி இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் சி.ஏ.125 பரிசோதனைக்கும் என்னை அனுப்பினார்கள். எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க அதை நம்ப வேண்டாம் என்று 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறி சொல்கிறது. வயிற்றில் துளையிட்டுப் பார்த்தால்தான் நோயை உறுதிசெய்ய முடியும் என்ற பழைய நிலையையும் அதே நெறி தளர்த்தியிருக்கிறது. அறிகுறியும் ஸ்கேனும் பொருந்தினால் மருந்தைத் தொடங்கலாம்.

எனக்கு மருந்துதான். டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம், தினம் ஒன்று, ஒரே நேரத்தில். முதல் சில மாதம் தினமும் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்று அத்தையோடு தனியாக ஒரு பஞ்சாயத்தே நடந்தது. இது எதிர்பார்க்கக்கூடியது, மாத்திரையை நிறுத்திவிடாதே என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். பிறகு மாதவிடாய் நின்றது. வயிற்று வலி சீக்கிரம் போய்விட்டது, கால் வலி மெதுவாகத்தான் இறங்கியது. நரம்பு அமைதியாக நாளாகும் என்றார்கள். இன்றும் அந்தப் புள்ளி இருக்கிறது, கோடு மட்டும் தொடையோடு நின்றுவிடுகிறது. எரிச்சல், தூக்கமின்மை, மனம் சோர்ந்து கிடப்பது போன்ற பக்க விளைவுகள் சிலருக்கு வரும். எனக்கு மனச்சோர்வு கொஞ்சம் இருந்தது. அதையும் காலண்டரில் எழுதினேன், மருத்துவரிடம் காட்டினேன். நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு எலும்பின் அடர்த்தி பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது.

"ஒரு பிள்ளை இருக்குல்ல, கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டது" என்று சொன்னவர்கள் வீட்டிலும் உண்டு, மருத்துவமனையிலும் உண்டு. இதை ஏற்க என்னால் முடியவில்லை. என் காலைச் சீண்டுவது கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும் தடிப்பு. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் கால் வலி எப்படிப் போகும்? கர்ப்பப்பைத் தசைக்குள்ளும் நோய் இருப்பவர்களுக்கு அந்த அறுவை உதவலாம், அது அவரவர் நிலைமை. ஆனால் நம் பக்கத்தில் இந்த யோசனை மிகச் சுலபமாக வந்துவிடுகிறது.

அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. மருந்துக்கு அடங்காவிட்டாலோ, காலில் பலம் குறைந்தாலோ செய்தே ஆக வேண்டியிருக்கும். அதற்காக, வயிற்றில் துளையிட்டு அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி நிபுணர் ஒருவரிடமும் பேசி வைத்திருக்கிறேன். அவரிடம் கேட்டவை: நரம்பு ஓடும் பக்கச் சுவரைத் திறந்து பார்ப்பீர்களா, மேலே தெரிவதை மட்டும் சுட்டுவிடுவீர்களா? இப்படிப்பட்ட அறுவையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ இருந்தால் அந்தத் துறை மருத்துவர் உடனிருப்பாரா? சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் அங்கேயே இருப்பதால், பிறகு சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வர வாய்ப்பு எவ்வளவு? பொறுமையாகப் பதில் சொன்னார். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் மருத்துவரிடம் நான் படுக்க மாட்டேன்.

அன்றாடம் உதவுபவை சில. வெந்நீர்ப் பையைக் கெண்டைக்காலில் வைப்பதைவிடக் கீழ் முதுகிலும் புட்டத்திலும் வைத்தால் எனக்குச் சீக்கிரம் இறங்குகிறது. மரத்துப்போன இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை. மலச்சிக்கல் வந்தால் கால் வலி நிச்சயம் கூடும் என்பதால் கீரை, கொய்யா, தண்ணீரில் கவனம். யூடியூப் பார்த்துக் காலை வலுவாக இழுத்து நீட்டும் பயிற்சிகளை பிசியோதெரபிப் பெண் நிறுத்திவிட்டார். எரிச்சலில் இருக்கும் நரம்பை இழுத்தால் இன்னும் கோபப்படும் என்றார். இடுப்புத் தளத்தை இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சியும், ஏற்கெனவே தசை இறுகிக் கிடப்பவர்களுக்கு வேண்டாம். வயிறு உப்பும்படி மூச்சை இழுத்து, அடித்தசைகளைத் தளர விடுவதுதான் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். பலன் பெரிது.

வலி மாத்திரையில் ஓர் ஆபத்து இருக்கிறது. எலும்பு டாக்டர் டைக்ளோபினாக் அல்லது அசெக்ளோபினாக் எழுதியிருப்பார். வயிற்று வலிக்கு மெடிக்கலில் மெஃபினமிக் ஆசிட் கொடுப்பார்கள். பெயர் வேறு என்பதால் இரண்டையும் ஒரே நாளில் போடுபவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் ஒரே குடும்பத்து மருந்து. சேர்த்துப் போட்டால் வலி இரட்டிப்பாகக் குறையாது, இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும்தான் கேடு. மெஃபினமிக் ஆசிட் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தக ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. மாத்திரை போட்ட நாட்களில் காய்ச்சல், தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரவில் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் குடைச்சல் வேறு. ரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களுக்கு இரும்புச் சத்துக் குறைவால் அது வரலாம். மரத்துப்போவதற்கு பி12 குறைவும் சர்க்கரையும்கூடக் காரணமாகலாம். இவற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும், முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. நடக்கும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு கழன்று கழன்று போகிறது, பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் தரையில் இழுபடுகிறது என்றால் நரம்பு பலமிழக்கிறது என்று அர்த்தம், நாள் கடத்தக் கூடாது. உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகிச் சிவந்தால் அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸுக்காக ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதோடு மூச்சும் வாங்கினால் 108ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

கடை விஷயம். துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகக் கேரளத்தில் போராடி, 2018இல் சட்டத்தையே திருத்த வைத்தார்கள். கோழிக்கோட்டு விஜி அதில் முன்னால் நின்றவர். தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்து, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்றாயிற்று. எங்கள் தளத்திலும் ஸ்டூல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கெட்டியான ஸ்டூலில் உட்கார்ந்தால் அந்தப் புள்ளியே அழுந்தி எனக்கு வலி ஏறுகிறது. மடித்த துணி ஒன்றை இடது பக்கம் மட்டும் போட்டு, வலது பக்கம் அழுந்தாமல் உட்காருகிறேன். கொஞ்ச நேரம் நின்று, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ஒத்துவருகிறது. சூப்பர்வைசர் அண்ணனிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "நரம்புக் கோளாறு, டாக்டர் சீட்டு இருக்கு" என்றதும் மாடிக் குடோனுக்கு ஏறும் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுத்தார்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறுமாதச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். எங்கள் தளத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது, லீவு போட்டுச் சம்பளத்தை இழந்துகொண்டிருந்தார்கள். வெளியே தனியார் மருத்துவரிடம் வாங்கிய சீட்டு மட்டும் அங்கே செல்லாது. இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே சான்றிதழ் வாங்க வேண்டும், அதனால் வலி உச்சத்தில் இருக்கும் முதல் நாளே அங்கே போய்ப் பதிந்துவிடுங்கள்.